பந்தோடு ஒருவர் ஓடினார், ஒரு தொழில் பிறந்தது

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில் பத்துக் கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியைப் பார்க்க. நடுவே வரும் முப்பது விநாடி விளம்பரத்துக்கு எழுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. இந்த ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். என்ற தேசியக் கால்பந்து லீகில் 32 அணிகள் இருக்கின்றன. ஓர் அணியை வாங்கக் கோடீஸ்வரர்கள் கூட்டுச் சேர வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெரிய தொழிலுக்குப் பிறந்தநாள் எது? பதிவேட்டைக் கேட்டால் 1920 செப்டம்பர் 17 என்று சொல்லும். அன்று பெயர் மட்டும்தான் வைத்தார்கள். உயிர் வந்தது ஐந்தாண்டு கழித்து, 1925 நவம்பர் 26 அன்று. அதைக் கொண்டுவந்தவருக்கு அப்போது வயது 22. கல்லூரிப் படிப்பை முடிக்காதவர், கோடை விடுமுறையில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்தவர். ஹரால்ட் எட்வர்ட் கிரேஞ்ச் என்று பெயர். செம்பட்டைத் தலைமுடியால் ஊருக்கெல்லாம் அவர் ரெட் கிரேஞ்ச்.

கதைக்குள் போகும் முன் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை கொஞ்சம். கைக்கும் தோளுக்கும்தான் அதிகம். பக்கத்துக்குப் பதினொரு பேர். 100 கெஜ நீள மைதானத்தில் முட்டை வடிவப் பந்தை எதிராளியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனால் டச் டவுன், ஆறு புள்ளி. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்து ஓடுகிறவர் ரன்னிங் பேக். நம் ஊர்க் கபடியில் பாடிப் போகிறவரைப் போலத்தான். பிடிக்க வருகிற அத்தனை கைகளுக்கும் நழுவ வேண்டும், ஆனால் திரும்பி வர வேண்டியதில்லை. முன்னால் போய்க்கொண்டே இருந்தால் போதும். கிரேஞ்ச் அந்த இடத்து ஆட்டக்காரர். அந்தக் காலத்தில் அதை ஹாஃப்பேக் என்றார்கள்.

கார் ஷோரூமில் பெயர் வைத்தார்கள்

கால்பந்து அன்று கல்லூரிகளின் சொத்து. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் முதலிய பல்கலைக்கழகங்கள் அதைப் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கும் உடல் உறுதிக்குமான ஆட்டமாக வளர்த்துவைத்திருந்தன. ஆடுகிறவன் கூலி வாங்கக் கூடாது என்பது எழுதிய விதி. எழுதாத விஷயங்களும் நடந்தன. 1892இல் பிட்ஸ்பர்க் நகரில் இரண்டு கிளப்புகள் மோதியபோது, யேல் பல்கலைக்கழகத்தில் பெயர் எடுத்த வில்லியம் ஹெஃபல்ஃபிங்கருக்கு ஒரு கிளப் ரகசியமாக 500 டாலர் கொடுத்தது. காசுக்கு ஆடிய முதல் கால்பந்து ஆட்டக்காரர் என்று இன்று பதிவாகியிருப்பவர் அவர்தான். அப்போது அதை வெளியே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த முப்பது ஆண்டும் அப்படியே போயின. ஓஹையோ, பென்சில்வேனியா மாநிலங்களின் ஆலை நகரங்களில் காசுக்கு ஆடும் அணிகள் முளைத்தன, காய்ந்தன. இந்த வாரம் ஒரு அணிக்கு ஆடியவர் அடுத்த வாரம் பத்து டாலர் கூடக் கொடுக்கும் அணிக்குத் தாவுவார். கல்லூரியில் படித்துக்கொண்டே பொய்ப் பெயரில் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் 1920இல் ஓஹையோவின் கான்டன் நகரில் ரால்ஃப் ஹே என்பவரின் ஹூப்மொபில் கார் ஷோரூமில் அணி முதலாளிகள் கூடினார்கள். நாற்காலி போதவில்லை. பலர் கார்களின் பக்கப் படிகளில் உட்கார்ந்து பேசினார்கள். அணிக்கு 100 டாலர் கட்டணம் என்று முடிவானது. யாரும் கட்டவில்லை என்று பின்னாளில் சொன்னவர் அந்தக் கூட்டத்திலேயே இருந்த ஜார்ஜ் ஹாலஸ்.

ஹாலஸ் அன்று இலினாய் மாநிலத்தில் ஒரு மாவுக் கம்பெனி நடத்திய அணியின் பொறுப்பாளர். மறு ஆண்டு அந்த அணியைச் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். அதற்கடுத்த ஆண்டு சிகாகோ பேர்ஸ் என்று பெயர் மாற்றினார். 1922இல் சங்கத்தின் பெயரும் தேசியக் கால்பந்து லீக் என்று மாறியது. பெயர் மாறியதே தவிரப் பிழைப்பு மாறவில்லை. சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கு அறுபதாயிரம் பேர் திரளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காசு ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பேர் வந்தால் பெரிது. பத்திரிகைகள் நாலு வரிச் செய்தியோடு நிறுத்திக்கொண்டன. முதலாளிகளே டிக்கெட் கிழித்தார்கள், முதலாளிகளே ஆடினார்கள்.

ஐஸ் வண்டி

கிரேஞ்ச் 1903 ஜூன் 13 அன்று பென்சில்வேனியாவின் ஃபோர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா லைல், மரம் வெட்டும் முகாம்களில் மேஸ்திரி. பையனுக்கு ஐந்து வயதில் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சொந்தக்காரர்கள் இருந்த சிகாகோ பக்கத்து வீட்டன் ஊருக்கு வந்தார். பெண்பிள்ளைகள் இருவரும் பிறகு அம்மா வழிச் சொந்தங்களிடம் அனுப்பப்பட்டார்கள். அப்பாவும் இரண்டு பையன்களும்தான் வீடு. அப்பா பிற்பாடு அந்த ஊரின் போலீஸ் தலைவரானார். ராத்திரி பகல் பார்க்காத வேலை. சமைப்பதும் கூட்டுவதும் பையன்கள் தலையில் விழுந்தன.

ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வராத காலம். ஐஸ் வண்டிதான் வரும். வண்டியிலிருந்து கொக்கியால் ஐஸ் கட்டியைத் தூக்கித் தோளில் சாய்த்து, மாடிப்படி ஏறி, சமையலறைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டும். கட்டி 30, 35 கிலோ இருக்கும். விடிவதற்குள் தொடங்கி மாலைவரை இதே வேலை. கிரேஞ்ச் கோடைக்குக் கோடை இதைச் செய்தார். ஒருமுறை ஓடும் வண்டியில் தாவி ஏறப்போய்ச் சறுக்கி விழ, சக்கரம் இடது காலில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கியது. காலை எடுக்க வேண்டிவருமோ என்று மருத்துவர்கள் பயந்தார்கள். கால் தப்பியது. தேசமே அவர் படத்தைப் பத்திரிகையில் பார்த்த பிறகும் கோடை வந்தால் வீட்டனுக்குத் திரும்பி ஐஸ் சுமந்தார். உடம்பை முறுக்கேற்ற இதைவிட நல்ல வழி இல்லை, வாரக்கூலியும் வருகிறது என்பது அவர் கணக்கு. பத்திரிகைகள் அவரை வீட்டன் ஐஸ்காரர் என்றே எழுதின.

1922இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கால்பந்து ஆடும் எண்ணமே இல்லை. கூடைப்பந்தும் ஓட்டமும் போதும் என்றிருந்தார். விடுதியில் மூத்த மாணவர்கள், கால்பந்துத் தேர்வுக்குப் போ என்று அனுப்பினார்கள். மைதானத்தில் தன்னைவிட வாட்டசாட்டமான பையன்கள் நூற்றுக்கணக்கில் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட்டார். மூத்தவர்கள் குனியவைத்துப் பின்புறத்தில் பலகையால் நாலு போட்டார்கள். மறுநாள் போய் வரிசையில் நின்றார். வரிசைப்படி சட்டை கொடுத்தார்கள். அவர் முறை வந்தபோது 77ஆம் எண் வந்தது. பின்னாளில் பல்கலைக்கழகம் வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவைத்த எண், அன்று அப்படித்தான் கைக்கு வந்தது.

பன்னிரண்டு நிமிடம்

1924 அக்டோபர் 18. முதல் உலகப் போரில் உயிர்விட்ட இலினாய் மாணவர்களின் நினைவாகக் கட்டிய ஸ்டேடியத்தை முறைப்படி அர்ப்பணிக்கும் நாள். எதிரணி மிச்சிகன். 1922, 1923 இரண்டு பருவங்களிலும் ஒரு ஆட்டத்திலும் தோற்காத அணி. ஏறத்தாழ 67,000 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்டோபருக்குப் பொருந்தாத வெக்கை. இலினாய் பயிற்சியாளர் பாப் ஸுப்கி தன் பையன்களைத் தடித்த கம்பளிக் காலுறையைக் கழற்றிவிட்டு இறங்கச் சொன்னார். அன்றைக்கு யாரும் பார்த்திராத கோலம். வழுக்கும்படி எண்ணெய் எதுவும் தடவியிருக்கிறார்களோ என்று மிச்சிகன் தரப்பு கால்களைத் தொட்டுப் பார்த்தது.

மிச்சிகன் உதைத்த முதல் பந்து நேராகக் கிரேஞ்ச் கைக்கு வந்தது. 95 கெஜம் ஓடி டச் டவுன். கொஞ்ச நேரத்தில் 67 கெஜம். பிறகு 56. பிறகு 44. நான்கு ஓட்டம், நான்கு டச் டவுன். ஆட்டம் தொடங்கிப் பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஸுப்கி அவரை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பின்பாதியில் திரும்ப வந்து ஐந்தாவதை ஓடியே போட்டார். ஆறாவதைத் தானே பந்தை எறிந்து இன்னொருவரைப் போடவைத்தார். இலினாய் 39, மிச்சிகன் 14.

அவருடைய ஓட்டத்தில் வேகம் பாதிதான். மீதி திசை மாற்றம். ஒரு பக்க எல்லையை நோக்கி ஓடிப் பிடிக்க வருகிறவர்களை எல்லாம் அங்கே இழுப்பார். அவர்கள் ஒரே பக்கம் குவிந்ததும் இடுப்பை வெட்டித் திரும்பி எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் புல்வெளியில் பாய்ந்துவிடுவார். தனக்கு வழி திறந்துவிடும் சகாக்கள் தடுத்து முடிக்கும்வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருப்பார்; வழி கண்ணில் பட்டதும் முழு வேகம். பாயும் பேய் என்று பத்திரிகைக்காரர்கள் பட்டம் கட்டினார்கள். கட்டிப்பிடித்த கைகளில் காற்றுதான் மிஞ்சியது என்பதால்.

கிழக்குக் கடற்கரைப் பத்திரிகைகளுக்கு இன்னும் சந்தேகம் இருந்தது. 1925 அக்டோபர் 31 அன்று ஃபிலடெல்ஃபியாவின் சேற்று மைதானத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 24-2 என்று இலினாய் வென்றது. 300 கெஜத்துக்கு மேல் கிரேஞ்ச் ஒருவரே ஓடினார். அதோடு சந்தேகம் தீர்ந்தது. அதே மாதத் தொடக்கத்தில் டைம் இதழ் அவரை அட்டையில் போட்டிருந்தது.

சினிமாக் கொட்டகைக்காரர்

பல்கலைக்கழகம் இருந்த ஷாம்பெய்ன் நகரில் சார்லஸ் பைல் என்பவர் சினிமாக் கொட்டகைகள் நடத்திவந்தார். நறுக்கு மீசை, கைத்தடி, நல்ல கோட்டு. எதைத் தொட்டாலும் ரொக்கமாக்கத் தெரிந்த மனிதர். சி.சி. என்ற அவருடைய முதலெழுத்துகளுக்கு ‘கேஷ் அண்ட் கேரி’ என்று ஊர் விரித்துச் சொன்னது. படம் பார்க்க வந்த கிரேஞ்சைத் தன் அறைக்கு அழைத்து, லட்சம் டாலர் சம்பாதிக்க விருப்பமா, பத்து லட்சம்கூட ஆகலாம் என்று கேட்டார். கல்லூரி மைதானத்தில் அறுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்குவது இந்தப் பையனைப் பார்க்கத்தான். ஆனால் அந்தக் காசில் ஒன்றும் பையன் வீட்டுக்குப் போவதில்லை. ஆள் வந்தால் ஆட்டம் எங்கே நடந்தாலும் கூட்டம் வரும் என்பதைக் கொட்டகைக்காரர் முதலில் புரிந்துகொண்டார். திரையில் யார் முகம் வந்தால் டிக்கெட் விற்கும் என்பதுதான் அவர் தினமும் பார்க்கும் கணக்கு.

பைல் சிகாகோ போய் ஹாலஸிடமும் அவர் கூட்டாளி ஸ்டெர்ன்மனிடமும் பேரம் பேசினார். முடிவில் ஏறக்குறைய வசூலில் சரிபாதி பைல், கிரேஞ்ச் பக்கம். மறுபாதியில் பேர்ஸ் அணி எல்லாச் செலவையும் பார்த்துக்கொள்ளும். தன் பக்கத்துப் பங்கில் கிரேஞ்சுக்கு அறுபது சதம், பைலுக்கு நாற்பது. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டக்காரருக்காக ஏஜென்ட் ஒருவர் முதலாளியோடு உட்கார்ந்து பேசிய முதல் பேரம் இதுதான்.

1925 நவம்பர் 21, கொலம்பஸ் நகரம். ஓஹையோ ஸ்டேட் அணியை இலினாய் 14-9 என்று வென்றது. பார்க்க வந்தவர்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். ஆட்டம் முடிந்ததும், நான் இனி காசுக்கு ஆடப்போகிறேன் என்று கிரேஞ்ச் அறிவித்தார். ஸுப்கி அவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றவைத்து மனத்தை மாற்றப் பார்த்தார். கால்பந்து விற்கிற பொருள் அல்ல என்பது ஆசிரியரின் வாதம். ஆடக் கற்றுக்கொடுக்க நீங்கள் சம்பளம் வாங்கலாம், ஆடுவதற்கு நான் வாங்கினால் மட்டும் குற்றமா என்பது மாணவரின் கேள்வி. டாக்ஸி நின்றபோதும் அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இன்னொரு வேடிக்கை, எதிரே கைநீட்டிக் காத்திருந்த ஹாலஸும் இதே ஸுப்கியின் மாணவர்தான்.

ஐந்து நாள் கழித்து

நவம்பர் 26, நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை. இன்று ரிக்லி ஃபீல்ட் என்று அழைக்கப்படும் சிகாகோ கப்ஸ் பார்க் மைதானம். பேர்ஸும் சிகாகோ கார்டினல்ஸும் மோதின. கான்டன் கூட்டத்தில் பெயர் கொடுத்த அணிகளில் இன்றுவரை பிழைத்திருப்பவை இவை இரண்டு மட்டுமே. 36,000 பேர் வந்தார்கள். காசு ஆட்டம் அதுவரை கண்டிராத கூட்டம்.

ஆட்டம் உப்புச்சப்பில்லாமல் 0-0 என்று முடிந்தது. கார்டினல்ஸ் நட்சத்திரம் பாடி டிரிஸ்கால் பந்தை உதைக்கும்போதெல்லாம் கிரேஞ்ச் இல்லாத மூலையாகப் பார்த்து உதைத்தார். புத்திசாலித்தனமான ஆட்டம்தான். ஆனால் காசு கொடுத்தவர்கள் பார்க்க வந்தது கிரேஞ்சின் ஓட்டத்தை. டிரிஸ்காலை ஊளையிட்டு வசைபாடினார்கள். தங்கள் ஊர் அணி புத்திசாலித்தனமாக ஆடியதற்காகப் பார்வையாளர்கள் கோபப்பட்ட ஆட்டம் அது. அன்றைய வசூலை எண்ணும்போது ஹாலஸ் கண்கலங்கினார் என்பார்கள். சாதாரண ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்துக்கு நூறு டாலர் பார்த்த காலத்தில் கிரேஞ்சுக்குக் கிடைத்தது பன்னிரண்டாயிரம் டாலரளவு.

மூன்று நாள் கழித்து அதே மைதானத்தில் கொட்டும் பனியில் 28,000 பேர் வந்தார்கள். பிறகு பைல் போட்டுவைத்த பயணத் திட்டம் தொடங்கியது. டிசம்பர் 2 முதல் 13 வரை, பன்னிரண்டு நாளில் எட்டு ஆட்டம். செயின்ட் லூயிஸ், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன், பிட்ஸ்பர்க், டெட்ராய்ட், மறுபடி சிகாகோ. அணியில் பதினெட்டுப் பேர்தான். அன்றைய விதிப்படி தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். டிசம்பர் 5 சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் மழைச் சேற்றில் புரண்டு ஜெயித்துவிட்டு ரயிலேறி, மறுநாள் நியூயார்க்கில் இறங்கியபோது சட்டையைத் துவைக்கவும் நேரமில்லை. காய்ந்த சேற்றோடு அதையே மாட்டிக்கொண்டு களமிறங்கினார்கள்.

அந்த நியூயார்க் ஆட்டம்தான் லீகின் தலையெழுத்தை மாற்றியது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் முதலாளி டிம் மாரா, குதிரைப் பந்தயத்தில் பந்தயப் பணம் வாங்கும் தொழில் செய்தவர். அந்த ஆண்டுதான் 500 டாலருக்கு அணி உரிமையை வாங்கியிருந்தார். சீசன் முழுக்க நஷ்டம், கழுத்துவரை கடன். கிரேஞ்சையே தன் அணிக்கு இழுக்க அவர் சிகாகோ போய்ப் பார்த்தார், பேர்ஸ் முந்திக்கொண்டது. ஆளைத்தான் கொண்டுவர முடியவில்லை, ஆட்டத்தையாவது கொண்டுவருவோம் என்று திரும்பினார். போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் எழுபதாயிரம் பேரளவில் திரண்டார்கள். நாடெங்கிலுமிருந்து பத்திரிகையாளர்கள் வந்திருந்தார்கள். ஜயன்ட்ஸ் எறிந்த பந்தை நடுவில் மறித்துப் பிடித்து 35 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார் கிரேஞ்ச். பேர்ஸ் 19-7 என்று வென்றது. தோற்ற அணியின் முதலாளிக்கு அன்றைய வசூலில் கடன் அடைந்து, லாபமும் மிஞ்சியது. நியூயார்க்கில் அணி மூடப்பட்டிருந்தால் லீக் நடுமேற்கு ஆலை ஊர்களோடு நின்றிருக்கும். மாரா குடும்பத்துக்கு இன்றும் அந்த அணியில் பங்கு இருக்கிறது.

பைல் நியூயார்க் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து கிரேஞ்சின் பெயரை விற்றார். ஸ்வெட்டர், ஷூ, பொம்மை, இஞ்சி சோடா, மிட்டாய் என்று எல்லாவற்றிலும் ரெட் கிரேஞ்ச். அவர் புகைக்காத சிகரெட்டுக்கும் பெயரைக் கொடுத்தார். சினிமா ஒப்பந்தத்துக்கு முன்பணம் என்று மூன்று லட்சம் டாலருக்கு ஒரு காசோலையைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார். தொகை விளம்பரத்துக்கு எழுதியது. ஆனால் செய்தி தேசம் முழுக்கப் பரவியது. வாஷிங்டனில் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜைப் பார்க்க அழைத்துப்போய், சிகாகோ பேர்ஸைச் சேர்ந்த கிரேஞ்ச் என்று அறிமுகம் செய்தார்கள். பேர்ஸ் என்றால் கரடிகள். தனக்கு விலங்கு வித்தைகள் எப்போதுமே பிடிக்கும் என்றாராம் ஜனாதிபதி. கிரேஞ்ச் இதைக் கடைசிவரை சொல்லிச் சிரித்தார். காசுக் கால்பந்து அன்று எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உடம்புக்கு ஒரு அளவு உண்டே. பாஸ்டனில் கிரேஞ்சால் ஓட முடியவில்லை, கூட்டம் கூச்சலிட்டது. பிட்ஸ்பர்க்கில் கையில் பட்ட அடியில் ரத்தம் கட்டிப் பாதியில் வெளியேறினார். டெட்ராய்ட்டில் அவர் ஆடமாட்டார் என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். சில நாள் ஓய்வுக்குப் பின் தெற்கு, மேற்குப் பயணம். ஃபுளோரிடாவில் தொடங்கி, லாஸ் ஏஞ்சலஸில் நியூயார்க்குக்கு இணையான கூட்டத்தைப் பார்த்து, 1926 ஜனவரி 31 அன்று சியாட்டிலில் முடிந்தது. நன்றி நாளிலிருந்து கணக்கிட்டால் 67 நாளில் 19 ஆட்டம்.

கதவைத் திறந்தவருக்குப் பின்னால்

கூட்டம் வந்தது, பத்திரிகை வந்தது, பணம் வந்தது. அடுத்து லீக் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? ஒரு மாணவரோடு சேர்ந்து படிக்கிறவர்கள் பட்டம் வாங்கும்வரை அவரை எந்த அணியும் எடுக்கக் கூடாது என்று 1926இல் விதி போட்டது. கிரேஞ்ச் வந்த வழியை அடைத்தது. கல்லூரிகளின் கோபத்தைத் தணிக்க என்று காரணம் சொன்னார்கள். கல்லூரிக்கு இலவச ஆட்டக்காரர் நாலு வருஷம். லீகுக்கு அதற்குப் பிறகு, கல்லூரிச் செலவில் பெயர் எடுத்து முடித்த ஆட்டக்காரர். இரு தரப்புக்கும் நல்ல ஏற்பாடு. நஷ்டம் ஆடுகிறவருக்கு மட்டும்.

பைலும் சும்மா இருக்கவில்லை. பேர்ஸ் அணியில் பங்கு கேட்டார், கிடைக்கவில்லை. நியூயார்க்கில் இன்னொரு அணி கேட்டார். மாரா குறுக்கே நின்றார். சரி, நானே லீக் தொடங்குகிறேன் என்று 1926இல் ஒன்பது அணிகளோடு போட்டி லீக் தொடங்கினார். ஒரே சீசனில் அது படுத்துவிட்டது. கிரேஞ்சின் அணி மட்டும் பழைய லீகுக்குள் வந்தது. 1927 அக்டோபரில் தன் பழைய பேர்ஸுக்கு எதிராகவே சிகாகோவில் ஆடும்போது ஷூவின் ஆணி தரையில் மாட்டி வலது முழங்கால் திருகியது. 1928 முழுவதும் ஆடவில்லை. திரும்பி வந்தபோது அந்த இடுப்பு வெட்டு போய்விட்டது. நேராக ஓடுகிற நூறு பேரில் நானும் ஒருவன் ஆனேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். ஹாலஸ் 1929இல் அவரை மறுபடி எடுத்துக்கொண்டார். 1934வரை பெரும்பாலும் தடுப்பாட்டத்தில் பெயர் எடுத்தார்.

ஆனாலும் ஆட்டத்தின் திருப்பங்களில் அவர் நின்றுகொண்டே இருந்தார். 1932 டிசம்பர் 18இல் பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்கும் ஆட்டத்தைச் சிகாகோவின் கடுங்குளிரால் உள்ளரங்கத்தில், சர்க்கஸ் விட்டுப்போன மண்ணின் மேல், குறுகிய களத்தில் நடத்த வேண்டியிருந்தது. பேர்ஸ் சகா பிராங்கோ நகுர்ஸ்கி எறிந்த பந்தை எல்லைக்கு அப்பால் பிடித்து டச் டவுன் போட்டவர் கிரேஞ்ச். எறிந்த இடம் விதிப்படி சரியில்லை என்று எதிரணி வாதாடியது, நடுவர் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே, ஒவ்வொரு முறையும் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்று விதி மாறியது. இன்று சூப்பர் பௌலில் பறக்கும் பந்துகளுக்கு வழி விட்ட விதி அது. அந்த ஒரு ஆட்டத்துக்கு மக்கள் காட்டிய ஆவலைப் பார்த்து லீக் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டு முடிவில் இறுதிப் போட்டி என்ற ஏற்பாடும் வந்தது. 1933 டிசம்பர் 17இல் நடந்த முதல் இறுதிப் போட்டியில் பேர்ஸ் 23, ஜயன்ட்ஸ் 21. கடைசி நொடியில் பந்தோடு வந்த ஜயன்ட்ஸ் ஆட்டக்காரர் அதைச் சகாவிடம் தள்ளிவிடாதபடி, காலைப் பிடிக்காமல் கையோடு சேர்த்து நெஞ்சைக் கட்டிப்பிடித்து ஆட்டத்தை முடித்தவர், முழங்கால் போன கிரேஞ்ச்.

ஆட்டம் விட்ட பிறகு ரேடியோ, டிவி வர்ணனை, இன்சூரன்ஸ் தொழில் என்று அமைதியாக வாழ்ந்தார். 1963இல் கான்டன் நகரில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க் கூடம் திறந்தபோது சேர்க்கப்பட்ட முதல் வரிசையில் அவர் பெயர் இருந்தது. ஹூப்மொபில் ஷோரூம் இருந்த அதே கான்டன். 1991 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில், 87 வயதில் காலமானார்.

அவருக்குப் பின் ஜிம் பிரவுன், வால்டர் பேட்டன், எம்மிட் ஸ்மித் என்று அவரைவிட அதிக கெஜம் ஓடிய ரன்னிங் பேக்குகள் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இருந்த மேடையில் ஏறி ஓடினார்கள். கிரேஞ்ச் ஓடும்போது மேடையே இல்லை.

அவர் அன்று டாக்ஸியில் கேட்ட கேள்வி மட்டும் தீராமல் இருந்தது. 2004இல் ஓஹையோ ஸ்டேட் ரன்னிங் பேக் மோரிஸ் கிளாரட், பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவர் என்.எஃப்.எல்லில் சேரக் கூடாது என்ற தடையை எதிர்த்த தன் வழக்கில் தோற்றார். 1926இல் போட்ட விதியின் வாரிசு அது. கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி வந்தது. கல்லூரியே நேராகத் தன் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஆனது 2025 ஜூலையில். மாணவர் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.